தேங்காய்த்திட்டுப் பட்டறையில் செய்த விஷ்போன் பூம்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதிலும் விஷ்போன் பூம், அதாவது பாயை இரு பக்கமும் சுற்றி நின்று விரித்துப் பிடிக்கும் வளைந்த சட்டம், வைத்து ஓட்டுபவர்கள் இன்னும் குறைவு. ஆனாலும் இரண்டு மூன்று பேர் என்னிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "எங்கே செய்தீங்க, எவ்வளவு ஆச்சு, நல்லா இருக்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒரு வருடம் முழுக்க, கோடைக் கடற்காற்றிலும் வாடையிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி தேங்காய்த்திட்டில், மீன்பிடித் துறைமுகம் போகும் சாலையில், விசைப்படகு வேலை செய்யும் ஒரு பட்டறையில் இதைச் செய்தேன். இரும்பு, அலுமினிய வேலையில் அவர்களுக்கு முழு மதிப்பெண். கயிறு, கப்பி விஷயத்தில் பாதிகூடக் கிடையாது. கயிறும் கப்பியும் நீங்களே கொண்டுபோவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. மேஸ்திரிக்குத் தன் பெயர் எழுதப்படுவதில் விருப்பம் இல்லை, அதனால் நானும் எழுதவில்லை. துறைமுகத்தில் யாரிடமாவது "அலுமினியம் வளைக்கிற மேஸ்திரி" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரி, பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அப்பா தேவனாம்பட்டினத்தில் கட்டுமரத்தில் பாய் கட்டி மீன் பிடித்தவர். எங்கள் கரைக்கு வெளிப்பொருத்து எஞ்சின் வந்த பிறகு பாயை மடித்து வைத்துவிட்டார். நான் படகு வாங்கியது அவருக்காகவும்தான். பதினைந்து அடி ஃபைபர் படகு, ஒரே ஒரு பாய், தாங்கு கயிறு எதுவும் இல்லாமல் தானே நிற்கும் பாய்மரம். பாயின் முன்னோரம் (பாய்மரத்தை ஒட்டிய ஓரம்) 5 மீட்டர், அடியோரம் 3.4 மீட்டர், பரப்பு ஏறக்குறைய ஒன்பதரை சதுர மீட்டர். உப்பனாற்றில் கட்டி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரத்துக்கு வெளியே போய் சில்வர் பீச் பக்கம் ஒரு சுற்று சுற்றி வருவோம்.

விஷ்போன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: மாவிலையின் விளிம்பை மட்டும் குழாயால் வளைத்தால் எப்படி இருக்கும், அதுதான். இரண்டு வளைந்த கைகள், முன்னாலும் பின்னாலும் சேர்ந்திருக்கும். நடுவில் பாயும் பாய்மரமும் நிற்கும். பாயின் பின்மூலை பின்முனையில் கட்டப்படும். முன்முனை பாய்மரத்துக்குச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு தொங்கும். அதைப் பாய்மரத்தோடு இழுத்துப் பிடிப்பது ஒரே ஒரு கயிறு. வெளிநாட்டில் அதைச் சோக்கர் என்கிறார்கள். மேஸ்திரி பார்த்தவுடன் "கழுத்துக்கயிறு" என்று பெயர் வைத்துவிட்டார். எனக்கும் அதுவே பிடித்துப்போனது.

விண்ட்சர்ஃபிங் பலகையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, கையால் பிடிக்கிறார்களே அந்த வளையம் இதே சாதிதான். பெரிய படகுகளில் இதைப் பரவலாக்கியவை கனடாவின் ஹிண்டர்ஹெல்லர் பட்டறை கட்டிய நான்சச் படகுகள். மார்க் எல்லிஸ் வரைந்த 30 அடி நான்சச் 1978இல் வந்தது. தாங்கு கயிறில்லாத பாய்மரம், ஒற்றைப் பாய், விஷ்போன். என் படகின் அமைப்பும் அதே வழியில் வந்ததுதான், அளவு மட்டும் சிறியது.

எனக்கு இது முதல் பூம் அல்ல. படகோடு வந்தது ஒற்றைக் கழி. பாயின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். காற்று ஒரு பக்கம் இருக்கும்போது பாய் கழியை விட்டு விலகி அழகாக நிற்கும். மறுபக்கம் திரும்பினால் கழி பாயின் வயிற்றை அமுக்கி இரண்டாகப் பிளந்ததுபோல் ஆக்கிவிடும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் படகு சோர்ந்துபோகும். அதனால்தான் விஷ்போனுக்கு மாறினேன். முதல் விஷ்போனை வேறோர் இடத்தில் செய்தேன். எங்கே என்பது இங்கே தேவையில்லை. ஏணி செய்யும் மெல்லிய குழாய், 32 மில்லிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் கனம். பார்க்க அழகாக இருந்தது. எடை குறைவு என்று நானும் மகிழ்ந்தேன்.

அதில் என்ன நடந்தது என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூம் வாங்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பாய் பின்மூலையை முன்னோக்கி இழுக்கிறது. கழுத்துக்கயிறு முன்முனையைப் பின்னோக்கி இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பூம் அமுக்கப்படுகிறது. வளைந்த குழாயை இரு முனையிலும் அமுக்கினால் அது இன்னும் வளையும், முனைகள் ஒன்றையொன்று நெருங்கும். முனைகள் நெருங்கினால் பாய் தளரும், வயிறு பெருக்கும். அதாவது காற்று ஓங்கி அடிக்கும்போது பாய் தட்டையாக வேண்டும், ஆனால் மெல்லிய பூம் அதே நேரத்தில் பாயைப் பெரிய பானையாக்கிவிடும். ஒரு மே மாதப் பிற்பகல், தேவனாம்பட்டினத்துக்கு நேராக, கடற்காற்று திடீரென்று ஏறியபோது இதைத்தான் பார்த்தேன். கழுத்துக்கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் பாய் உப்பிக்கொண்டே போனது. படகு சாய்ந்து தண்ணீர் அள்ளியது. அப்பா தாமானை விட்டுக்கொடுத்துத்தான் கரை சேர்த்தார். பாயின் பின்மூலையிலிருந்து வரும் கயிற்றுக்கு அவர் சொல்லும் பெயர் தாமான். ஏற்றும் கயிறு ஆஞ்சான். கரைக்கு வந்து பார்த்தால் பூமின் இடது கையில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. அந்த வளைவின் அகலமான இடம் சரியாக நடுவில் இருந்தது. பாயின் ஆழமான இடம் நடுவில் இருக்காது. முன்னோரத்திலிருந்து 35, 40 சதவீதத் தூரத்தில் இருக்கும். அதனால் முன்பக்கத்தில் பாய் பூமின் கையில் உரசியது. இரண்டே மாதத்தில் தையல் தேய ஆரம்பித்துவிட்டது.

சரி, தேங்காய்த்திட்டு மேஸ்திரிக்கு வருகிறேன். நான் முதலில் போனது மே மாதம். உள்ளே நுழைந்தவுடனேயே, "டீச்சர், ஜூன் பதினாலு வரைக்கும் என்னைக் கேக்காதீங்க" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி எல்லா வேலையும் செய்வார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஜூன் கடைசியில் மறுபடியும் போனேன்.

வரைபடம் கொண்டுபோயிருந்தேன், அளவெல்லாம் போட்டு. அதைப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"பாயக் கொண்டாந்தீங்களா?"

"இல்ல அண்ணே. அளவு எல்லாம் இதுல இருக்கு."

"அளவு இருக்கு டீச்சர். வயிறு எங்க இருக்குன்னு தாள்ல தெரியாது. பாயக் கொண்டாங்க."

அடுத்த ஞாயிறு பாயோடும் அப்பாவோடும் போனேன். பட்டறைக்குப் பின்னால் இரண்டு தென்னை மரத்துக்கு நடுவில் பாயின் முன்னோரத்தை இறுக்கிக் கட்டினார். பின்மூலையில் கயிறு போட்டு ஒரு பையனை இழுக்கச் சொன்னார். காற்று இருந்தது, பாய் உப்பியது. அப்பா பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் விடு, இப்ப நிறுத்து" என்றார். அந்த நிலையில் மேஸ்திரி ஒரு மூங்கில் சட்டத்தைப் பாயின் ஓரமாக வளைத்துப் பிடித்து, தரையில் சாக்பீஸால் அப்படியே இறக்கினார். அப்புறம் அந்தக் கோட்டுக்கு வெளியே நான்கு விரல் தள்ளி இன்னொரு கோடு. அதுதான் குழாயின் வளைவு. என் வரைபடத்தோடு பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கணக்கில் அதிகபட்ச அகலம் ஒரு பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர். அவருடைய கோட்டில் 48. அந்த அகலம் வரும் இடம் முன்முனையிலிருந்து 1.6 மீட்டர், மொத்த நீளம் 4 மீட்டரில் சரியாக 40 சதவீதம். ஒரு வருடமாக ஓட்டுகிறேன், எந்தக் காற்றிலும் பாய் கையைத் தொட்டதில்லை. என் 45ஐ வைத்துச் செய்திருந்தால் மெல்லிய காற்றில் தொட்டிருக்கும்.

குழாய் 38 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனம், 6061 டி6 வகை, அதாவது சூட்டில் பதப்படுத்திக் கடினமாக்கிய அலுமினியம். பழைய ஏணிக் குழாயோடு ஒப்பிட்டால் வளைவை எதிர்க்கும் தன்மை இரண்டரை மடங்குக்கு மேல். எடையும் கூடுகிறது, பொருத்துகளோடு சேர்த்து ஏறக்குறைய ஆறு கிலோ. இந்த ஆறு கிலோ எனக்கு ஒரு சுமையாகவே தெரியவில்லை. டி6 குழாய் முரடு, சட்டென்று வளைத்தால் வெடிக்கும் அல்லது தட்டையாகும். அவர் குழாய்க்குள் காய்ந்த மணலை இடித்து நிரப்பி, இரு முனையும் அடைத்து, மூன்று உருளை இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி ஓட்டினார். ஒரு கைக்கு அரை நாள். பிறகு சாக்பீஸ் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. நான் அரை மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் பணம் கொடுத்து வாங்கிய வேறு எந்தப் பொருளிலும் பார்த்ததில்லை.

முனைகளை வெல்டிங் செய்யச் சொல்லி நான்தான் கேட்டேன். மறுத்துவிட்டார். டி6 அலுமினியத்தைப் பற்றவைத்தால் அந்த இடத்தைச் சுற்றி உலோகம் இளகி அதன் பலம் பெருமளவு போய்விடும். அதுவும் முனையில்தான் எல்லா விசையும் சேர்கிறது. எனக்கு இது பாடத்தில் தெரியும், ஆனால் அந்த நேரம் தோன்றவில்லை. அவர் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்: "பத்த வச்ச எடத்துலதான் டீச்சர் ஒடையும், பக்கத்துல." அலுமினியக் கட்டியைக் கடைந்து குழாய்க்குள் ஒரு சாண் நீளம் செருகி, போல்ட் போட்டு முடுக்கினார். போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் புஷ் (உறை) வைத்தார். உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப் போகும். ஒரு வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தேன், தூள் இல்லை.

இதுவரை புகழ்ச்சி. இனி குறை.

பூமோடு கழுத்துக்கயிறும் கப்பியும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். எட்டு மில்லிமீட்டர் நைலான் முறுக்குக் கயிறு, வலைக்கடையில் கிடைப்பது. நங்கூரத்துக்கு நல்ல கயிறு, ஏனென்றால் நன்றாக நீளும். கழுத்துக்கயிறு நீளவே கூடாது. ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பாயின் அடியோரத் துணி 3.4 மீட்டர். பாயின் ஆழம் அதன் மூலைக்கு மூலை தூரத்தில் 12 சதவீதம் இருக்கும்போது அந்தத் தூரம் ஏறக்குறைய 3.27 மீட்டர். ஆழம் 8 சதவீதமானால் 3.34 மீட்டர். வித்தியாசம் வெறும் 7 சென்டிமீட்டர். மெல்லிய காற்றுக்கான குண்டுப் பாய்க்கும் பலத்த காற்றுக்கான தட்டைப் பாய்க்கும் நடுவில் உள்ள தூரம் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை! கயிறு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டாலே பாதி வேலை போச்சு. முதல் மாதம் முழுக்க, காற்று ஏறும்போதெல்லாம் பாய் தானாகக் குண்டாகிக்கொண்டே இருந்தது. பூம் வளைகிறதோ என்று மேஸ்திரியைச் சந்தேகப்பட்டேன். பூமின் கையில் நூல் கட்டி அளந்தபோதுதான் தெரிந்தது, பூம் அசையவில்லை, கயிறுதான் நீள்கிறது.

சென்னையிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் டைனீமா கயிறு, ஏறக்குறைய நீளாத செயற்கை இழைக் கயிறு, வரவழைத்து மாற்றினேன். கப்பிகளையும் மாற்றினேன். அவர்கள் போட்டிருந்த கப்பி வலை இழுக்கும் வகை, கயிறு உள்ளே நெருக்குண்டு சிக்கியது. இப்போது மூன்றுக்கு ஒன்று கணக்கில் கப்பி ஓடி, பாய்மரத்தின் அடியில் திரும்பி, என் இருக்கைக்குப் பக்கத்தில், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பல்பிடியில் நிற்கிறது. பூம் 7 சென்டிமீட்டர் நகர கயிறு 21 சென்டிமீட்டர் வரும். அந்த 21ஐ மூன்று நிற நூலால் கயிற்றிலேயே சுற்றி அடையாளம் வைத்திருக்கிறேன். சிவப்பு தட்டை, வெள்ளை நடு, நீலம் குண்டு. இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில்கூட விரலால் தடவிப் பார்த்துப் பாயின் நிலையைச் சொல்ல முடிகிறது. செலவில்லாத வேலை, ஆனால் பூமில் நான் செய்ததிலேயே மிகவும் உபயோகமானது இதுதான்.

அடுத்தது முன்முனையின் உயரம். இதைப் பற்றிப் பட்டறையில் யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. விஷ்போனின் பெரிய நன்மையே அது சாய்வாக நிற்பதில்தான் இருக்கிறது. முன்முனை மேலே, பின்முனை கீழே. பாயின் பின்னோரம் மூலையை மேலே தூக்கப் பார்க்கும். சாய்ந்த பூம் மூலையைப் பின்னாலும் கீழேயும் ஒரே நேரத்தில் தள்ளும். அதனால் சாதாரண பூமில் போடும் கீழ்ப்பிடி கயிறு இதற்குத் தேவையே இல்லை. தாமானை எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் பாய் மேலே முறுக்கிக்கொண்டு போகாது.

எவ்வளவு சாய்வு? என் பாயின் பின்மூலைக் கோணம் ஏறக்குறைய 60 பாகை. பூம் அந்தக் கோணத்தைச் சமமாகப் பிரித்தால் அடியோரத்துக்கும் பின்னோரத்துக்கும் ஒரே இழுவிசை கிடைக்கும். பத்தாம் வகுப்பிலேயே விசைகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறோமே, அந்தப் பாடம்தான். அதன்படி முன்முனை பாயின் முன்மூலைக்கு மேலே 1.86 மீட்டரில் வர வேண்டும். அங்கேதான் முதலில் தொங்கவிட்டேன். பின்னோரம் பலகைபோல் விறைத்துவிட்டது. உச்சியில் கட்டியிருந்த உல்லன் நூல் எப்போதும் பாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அது ஒளிந்தால் காற்று பாயை விட்டுச் சுத்தமாக வெளியேறவில்லை, பின்னோரம் அதிகமாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அப்பா ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "மூச்சு விட எடமில்ல. மேல தொறந்து விடு" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு முறையும் பத்து சென்டிமீட்டர், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு உயரம். 1.3 மீட்டரில் நூல் நேராகப் பறந்தது, நடுநடுவே மட்டும் ஒளிந்தது. அந்த இடத்தில் அடியோரத்துக்குப் பின்னோரத்தைவிட 1.7 மடங்கு இழுவிசை போகிறது. அங்கேயே நிறுத்திவிட்டேன். இன்னும் இறக்கினால் கீழ்நோக்கித் தள்ளும் விசை குறைந்துபோகிறது, பின்காற்றில் பாயின் உச்சி முன்னால் மடிந்து படகு உருள ஆரம்பிக்கிறது. 1.2இல் ஒருமுறை போய்ப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன். உங்கள் பாயின் மூலைக் கோணம் வேறாக இருந்தால் உங்கள் உயரமும் வேறு. அளந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும், என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காற்றுக்கு ஏற்ப எப்படி வைக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு. கோடையில் நண்பகலுக்குப் பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். முதலில் லேசாக, மூன்று மணிக்குமேல் நல்ல வேகத்தில். லேசாக இருக்கும்போது நீல நூல், பாயை ஏற்றும் கயிற்றையும் கொஞ்சம் தளர்த்தி வைப்பேன். குட்டி அலைகள் படகை நிறுத்தப் பார்க்கும், அதைத் தாண்ட வயிறு வேண்டும். ஆனால் காற்று ஏறக்குறைய செத்துப்போன நேரத்தில் நீலத்தில் வைத்தால் தப்பு. பலமில்லாத காற்றால் அவ்வளவு ஆழமான வளைவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு போக முடியாது, நடுவிலேயே பிரிந்துவிடும். அப்போது வெள்ளைக்கு இழுத்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். அப்பா காலத்தில் அந்த நேரத்தில் பருத்திப் பாயில் தண்ணீர் இறைப்பார்களாம், நூல் ஊறிக் காற்று உள்ளே புகாமல் நிற்க. இந்தச் செயற்கைத் துணிக்கு அது தேவையில்லை என்று சொன்னாலும் ஒருமுறை கையால் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்.

காற்று ஏறியதும் சிவப்பு. அதோடு பாயின் முன்மூலையைக் கீழே இழுக்கும் கயிற்றையும் இறுக்குவேன். பலத்த காற்றில் பாயின் ஆழம் பின்னால் தள்ளப்படும், முன்னோரத்தை இறுக்கினால் அது மறுபடி முன்னால் வரும். தாங்கு கயிறில்லாத பாய்மரத்தில் இன்னொரு நன்மை இருக்கிறது. கழுத்துக்கயிறு பாய்மரத்தை அந்த உயரத்தில் முன்னோக்கி இழுப்பதால் மரத்தின் நடுப்பகுதி முன்னால் வளைகிறது, பாயின் நடுவிலிருந்து இன்னும் கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்கிறது. ஓங்கல் காற்று வந்தால் மரத்தின் நுனி தானே சாய்ந்து மேலே காற்றை விட்டுவிடுகிறது. போன வருடம் கவிழப் போன அதே இடத்தில், ஏறக்குறைய அதே காற்றில், இந்த வருடம் சிவப்பில் வைத்து ஒரு கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்பா முன்னால் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

வாடைக் காலத்தில் நான் அதிகம் வெளியே போவதில்லை, ஆற்றுக்குள்தான். ஆகவே பாயைச் சுருக்கிக் கட்டியபின் பூம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி ஆற்றில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நன்றாகவே இருக்கிறது. பின்மூலைச் சுருக்குக் கயிறு பூமின் கை ஓரமாக ஓட மேஸ்திரி ரிவெட் அடித்துக் கொடுத்த இரண்டு வளையங்களும் அசையவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் மறக்க வேண்டாம். பாயை ஏற்றுவதற்கு முன்னால், சுருக்குவதற்கு முன்னால், கழுத்துக்கயிற்றை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். இறுக்கமாக இருக்கும்போது ஏற்றினால் பாய் கடைசி ஒரு அடி ஏறாது. ஏறவில்லை என்று ஆஞ்சானைப் பலங்கொண்டு இழுத்தால் உச்சிக் கப்பி சிக்கும். இறக்கும்போது பாய் இரண்டு கைகளுக்கும் நடுவில் கட்டிய தொட்டில் கயிற்றில் தானே மடிந்து விழுகிறது. கடலில் தனியாகப் பாயை இறக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே விஷ்போனைச் சொல்வேன்.

தலையில் அடிபடும் பயமும் குறைவு. நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேலே பூமின் கைகள் நல்ல உயரத்தில் போகின்றன. என் மாணவிகள் நான்கு பேரை ஆற்றில் கூட்டிப்போனபோது நிம்மதியாக இருந்தது. பின்னால் சுக்கான் பிடிப்பவர் மட்டும் திரும்பும்போது குனிய வேண்டும், பின்முனை தாழ்வு. அதைப் பட்டறையில் தேங்காய் நார் வைத்துத் துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

பணம்: குழாய், வளைத்தல், முனைக்கட்டிகள், போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 11,400 ரூபாய் ஆனது. கயிற்றுக்கும் கப்பிக்கும் தனியாக 1,300 வாங்கினார்கள், அது வீண். பத்து நாள் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆனது. நடுவில் ஒரு விசைப்படகின் சுக்கான் தண்டு உடைந்து வந்தது, எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு போன் பண்ணியிருக்கலாம். இரண்டு முறை கடலூரிலிருந்து வீணாகப் பஸ் ஏறிப் போனேன். ரசீது கிடையாது. கேட்டபோது சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். கொண்டுவருவதற்கு ஒரு குட்டியானை வண்டி பேசினேன். நான்கு மீட்டர் என்பதால் பின்னால் நீட்டிக்கொண்டுதான் வரும், சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். புதுச்சேரி எல்லையில், முள்ளோடையில் நிறுத்தி என்ன என்று கேட்டார்கள். பாய்க்கு என்றதும் விட்டுவிட்டார்கள்.

பின்முனையில் உள்ள கண் போல்ட் 304 வகை எஃகு. ஆறு மாதத்திலேயே டீக் கறை மாதிரி பழுப்பு படிய ஆரம்பித்துவிட்டது. உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 வகை போடச் சொல்லி முதலிலேயே கேளுங்கள், நான் கேட்கவில்லை. மேஸ்திரியிடம் காட்டினேன், "கொண்டாங்க டீச்சர், மாத்திடலாம், காசு வேணாம்" என்றார். இப்போது தடைக்காலம். ஜூன் 14 போகட்டும் என்று பூமைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். போகும்போது அப்பாவையும் கூட்டிப்போக வேண்டும். சாக்பீஸ் கோடு இன்னும் தரையில் இருக்கிறதா என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம்.